பின்கழுத்தில் மூன்று படிகள்

மார்ச் 3, செவ்வாய்

இல்லை, அப்பாவுக்கு அந்த வேனை ஓட்டியவர் மேல் கோபம் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். அவருக்குக் கோபம் தன் வலது கட்டைவிரல் மேல்தான். எட்டு மாதமாக அது ஆள்காட்டி விரலைத் தொட மறுக்கிறது. "ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை," என்று விசாரிக்க வருகிறவர்களிடம் சொல்வார். சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் கையை இறக்கி மடியில் வைத்துக்கொள்வார்.

காலை ஏழரை மணி. சைக்கிளில் கடைக்குப் போகும் வழி. பார்க்காமல் பின்னால் எடுத்த வேன். இரண்டு அறுவை சிகிச்சை, ஓர் இரும்புத் தகடு. தவறு வேன் மேல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனிக்குக்கூட. சண்டை வேறு. அப்பா எவ்வளவு இழந்தார்?

கைக்கு நாற்பது சதவீத ஊனம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். நாற்பதுக்கு உண்டானதைத் தருகிறோம் என்கிறது கம்பெனி. எங்கள் வக்கீலம்மா ஒப்புக்கொள்ளவில்லை. முடிவெட்டுகிறவருக்கு அந்த இரண்டு விரல்கள்தான் தொழில். அவை போனால் தொழில் மொத்தமும் போனது. ஆகவே நூறு என்கிறார். நூறு கிடைத்தால், பூட்டிக் கிடக்கும் அப்பாவின் ஒற்றை நாற்காலி சலூனை ஆள் வைத்துத் திறக்கலாம். நாற்பது என்றால் கடைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

அவ்வளவுதான் வழக்கு. நாற்பதா, நூறா.

மார்ச் 5, வியாழன்

வக்கீலம்மாவின் அலுவலகம் டயர் கடைக்கு மேல் மாடியில். நீதியின் வாசனை என்ன என்று யாராவது கேட்டால் ரப்பர் என்பேன்.

சாட்சி சொல்ல அப்பாவுக்குப் பயிற்சி. கை வலிக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றார்.

"பரவாயில்லைன்னு சொல்வேன்."

"அதைத்தான் சொல்லக் கூடாது ஐயா."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பரவாயில்லை. கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நீதிபதி உங்கள் வாடிக்கையாளர் இல்லை, அவரைச் சமாதானப்படுத்தி அனுப்ப வேண்டியதில்லை என்றார். வெளியிலிருந்து விசாரிக்க யாராவது வந்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், வீரம் காட்டாதீர்கள் என்றும் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

படி இறங்கும்போது என்னிடம் ரகசியம்போல்: "நல்ல வக்கீல்தான். வகிடு மட்டும் தப்பான பக்கம்."

மார்ச் 9, திங்கள்

இன்று அப்பா சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டார். இடது கையால், பதினொரு நிமிடம். நான் செய்தித்தாள் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். ஒரே பத்தியைப் பதினொரு நிமிடம்.

மார்ச் 14, சனி

எழுதியே ஆக வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தார். நாற்பது வயது இருக்கும். பணிவான மனிதர், தடித்த கோப்பு. அம்மா சலவைக் கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். நான் டீ போட்டேன். எந்தக் கையால் சாப்பிடுகிறீர்கள், எந்தக் கையால் கையெழுத்து, பை தூக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்பா ஒழுங்காகப் பதில் சொன்னார். ஆனால் அவர் கண் கோப்புக்காரரின் தலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தப் பார்வை தெரியும். காதுக்குப் பின்னால் முடி காலரில் மடிந்து கிடந்தது. உச்சியில் ஒரு கொத்து, யார் பேச்சையும் கேட்காமல்.

ஐந்தாவது கேள்வியில் அப்பாவால் தாங்க முடியவில்லை.

"யார் சார் உங்களுக்கு வெட்டிவிடறது?"

"வீட்லதான். மனைவி."

"ஏதாவது கோபத்துல இருந்தாங்களா?"

கோப்புக்காரர் சிரித்துவிட்டார். அப்பா எழுந்து அலமாரியைத் திறந்தார். எட்டு மாதமாக யாரும் திறக்காத அலமாரி. கத்தரி, சீப்பு, மடித்து வைத்த வெள்ளைத் துணி. உட்காருங்கள், பத்து நிமிடம் என்றார். அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு கோப்பை மேஜையில் திறந்தபடி வைத்து, அதன் மேல் மூடி கழற்றிய பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

அந்தத் திறந்த பேனா. இதுவும் அறிக்கைக்குப் போகும் என்று அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்தது. ஏன் தடுக்கவில்லை? அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அதனால்.

இடது கையில் கத்தரி. வலது கை சீப்பைப் பிடிக்கவில்லை, சுமந்தது. இரண்டு முறை சீப்பு விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் கோப்புக்காரர் தன் கைபேசியை என்னிடம் நீட்டி, ஒரு படம் எடுங்களேன் என்றார். அப்பா கத்தரியை உயர்த்திப் பிடித்து, முதுகை நிமிர்த்தி நின்றார். முடிந்ததும் கோப்புக்காரர் பின்தலையையும் எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன். பின்கழுத்தில் ஒரு படிக்கட்டு. மூன்று படிகள். வலது கிருதா இடதைவிட ஒரு விரல் மேலே.

கண்ணாடி இல்லாமல் கைபேசியை எட்டப் பிடித்துப் பார்த்து அவர் தலையாட்டினார்.

அப்பா என்னைத்தான் பார்த்தார். "எப்படி பாப்பா?"

"நல்லா இருக்குப்பா."

ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தேன். உண்மை பன்மையானது என்று நாற்பது பக்கம் ஆய்வுக்கட்டுரை எழுதினேன். ஒரு கிருதாவின் நீளத்தைப் பற்றி உண்மை பேச முடியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அப்பா சீட்டியடிக்கிறார். எட்டு மாதத்துக்குப் பிறகு. இடது கையே பழகிவிடும்போல என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மா என்னிடம் தனியாக: "நேத்து என்ன நடந்துச்சு?"

ஒன்றுமில்லை என்றேன். இந்த வீட்டில் இந்தப் பதிலைக் கண்டுபிடித்தவர் யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மார்ச் 24, செவ்வாய்

அறிக்கையின் நகல் வந்துவிட்டது. வக்கீலம்மா வாசித்தார்: "மனுதாரர் என் முன்னிலையில், எனக்கே, முழுமையாக முடி வெட்டிவிட்டார். தொழிலைத் தொடரும் திறன் அவருக்கு உண்டு. புகைப்படங்கள் இணைக்கப்பட்டுள்ளன."

கறுப்பு வெள்ளை நகல். முதல் படத்தில் கத்தரியோடு அப்பா, வெற்றி வீரர் மாதிரி. இரண்டாவது படம் வெறும் மை. பின்தலை என்று சொன்னால்தான் தெரியும்.

"வெட்டிவிடச் சொல்லி அவரா ஐயா கேட்டாரு?"

"அவர் கேட்கலைம்மா. அவர் தலை கேட்டுச்சு."

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கோப்பை மூடினார். "முடியோட சேர்த்து கேஸையும் வெட்டிட்டீங்களே ஐயா." இனி நூறு கேட்டால் அந்தப் படத்தைக் காட்டுவார்கள், நாற்பதாவது நிற்குமா பார்க்கலாம் என்றார்.

பேருந்தில் அப்பா நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். இறங்கும் இடத்துக்கு முன்னால்: "போட்டோல நல்லா நிக்கறேன் இல்ல?"

மார்ச் 25, புதன்

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் நாள் முழுவதும் புத்தகங்களைத் தவறான அடுக்கில் வைத்தேன்.

அந்த வெட்டு கோரம். அதுதான் எங்கள் சாட்சி. எங்கள் தரப்பில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் கடை பிழைக்கலாம். சொன்னால் அப்பா காதுபட, நிறைந்த அறையில், அவர் கை எதற்கும் ஆகாது என்று நிரூபிப்பார்கள். அதுவும் அவர் தரப்பு ஆட்களே.

சீட்டியா, சாவியா? என்ன கேள்வி இது. இப்படிக் கேட்டால் யார்தான் பதில் சொல்வார்கள்?

மார்ச் 26, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மதிய இடைவேளையில் டயர் கடை மாடி. வக்கீலம்மா தாளை நீட்டி வரைந்து காட்டச் சொன்னார். ஒரு மண்டை, மூன்று படிகள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீதிமன்றக் கோப்பில் வண்ணப் படம் இருக்கும் என்றார். குரலே மாறிவிட்டது.

"இதை அன்னிக்கே ஏம்மா சொல்லலை?"

"அப்பா பக்கத்துல இருந்தாரு."

வக்கீலம்மா நான் வரைந்த தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். விசாரணை அன்றும் அவர் பக்கத்தில்தான் இருப்பார், அதற்குள் நீயே சொல்லிவிடு என்றார்.

ஏப்ரல் 1, புதன்

ஆறு நாள். ஆறு முறை வாயைத் திறந்தேன். ஆறு முறையும் "டீ வேணுமாப்பா" என்றுதான் வந்தது. அப்பா இன்று ஆறாவது டீயை மறுத்துவிட்டார்.

நாளை விசாரணை.

ஏப்ரல் 2, வியாழன்

சின்ன அறை. மேஜைமேல் கோப்புகள், ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும் மின்விசிறி. நீதிபதிக்கு மூக்கு நுனியில் கண்ணாடி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான்.

கோப்புக்காரர் சாட்சிக் கூண்டுக்கு வந்தார். தலை ஒட்ட வெட்டியிருந்தது. அப்பா என் பக்கம் சாய்ந்தார்: "மெஷின் போட்டிருக்காங்க. பாவம், தலை வடிவத்துக்கு அது ஒத்துவராது."

வக்கீலம்மா அவசரமே படவில்லை. வழக்கமாக முடிவெட்ட எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி. அன்று? முக்கால் மணி. சீப்பு கீழே விழுந்ததா? விழுந்தது. யார் எடுத்துக் கொடுத்தது? அவர் மகள். கோப்புக்காரர் பொய் சொல்லவில்லை; அதையும் எழுதி வைக்க வேண்டும்.

"இப்ப ரொம்ப ஒட்ட வெட்டியிருக்கீங்க. இது எப்போ?"

"அதுக்கு மறுநாள்."

"முந்தின நாள் வெட்டின தலையை மறுநாளே ஏன் சார் திரும்ப வெட்டணும்?"

அவர் கம்பெனி வக்கீலைப் பார்த்தார். கம்பெனி வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"வெளியே தலைகாட்ட முடியலை," என்றார், மிக மெதுவாக.

அறை சிரித்தது. நீதிபதி குனிந்து வண்ணப் படத்தை எடுத்தார். அருகில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு ஓட்டில் விரிசல். அப்பாவைப் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது. பார்க்காமலே கேட்டது. எல்லோரும் ஓய்ந்த பிறகும் ஒரு சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. நீதிபதி மேஜையைத் தட்ட வேண்டியிருந்தது, எங்கள் பக்கம் பார்த்து.

அப்பாதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சிரிப்பால் வந்த தண்ணீர்தானா? தெரியவில்லை. அம்மா அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். நான் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். வரைந்தது, சொன்னது, சொல்லாதது.

"மூணு படி," என்றார் அப்பா. "ரெண்டாவது படி வெட்டும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமாப்பா?"

"எட்டு மாசம் கழிச்சு ஒரு தலை கிடைச்சுது. பாதியில விடச் சொல்றியா?"

"பின்ன ஏன் என்கிட்ட எப்படி இருக்குன்னு கேட்டீங்க?"

"நீ உண்மையைச் சொல்லுவேன்னுதான் கேட்டேன். நீ நல்லா இருக்குன்னுட்ட. சரி, பொண்ணு ஆசையா சொல்லுது, கெடுப்பானேன்னு நானும் விட்டுட்டேன்."

அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். இரண்டு பைத்தியங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்றாள், பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம்.

ஏப்ரல் 3, வெள்ளி

டீ வேணுமா என்று நான் கேட்கவே இல்லை. இன்று அவரே எனக்குப் போட்டுக் கொடுத்தார். பாதி தட்டில் சிந்தியிருந்தது.

மே 20, புதன்

நூறு.

தீர்ப்பின் ஒரு வரியை இங்கே எழுதி வைக்கிறேன்: "ஒரு தொழிலைச் செய்ய முயல்வதும் அத்தொழிலால் பிழைப்பதும் ஒன்றல்ல." இரண்டு வருடம் தேடினாலும் இப்படி ஒரு வாக்கியத்தை என்னால் எழுத முடியாது.

அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "பள்ளிக்கூடத்துல ஒருநாளும் நூறு வாங்காத மனுஷன்," என்றாள். அப்பா வக்கீலம்மாவுக்கு ஃபோன் செய்து நன்றி சொன்னார். பிறகு வகிடு விஷயத்தையும் சொல்லிவிட்டார்.

ஜூன் 18, வியாழன்

கடை திறந்து பத்து நாள். இப்போது இரண்டு நாற்காலிகள். வேலைக்கு வந்திருப்பவர் பொறுமைசாலி. பொறுமைசாலியாகத்தான் இருக்க வேண்டும். அப்பா பின்னால் நின்று ஒவ்வொரு முடிக்கும் கருத்துச் சொல்கிறார்.

நேற்று யார் வந்தார் என்று நினைக்கிறாய்? முடி நன்றாக வளர்ந்திருந்தது. அப்பா எழுந்து நின்று வரவேற்று, கோப்பு இல்லாமல் வந்திருக்கிறீர்களே என்றாராம். அவர் புது ஆளின் நாற்காலியில் உட்கார்ந்தாராம். அப்பாவின் கத்தரி இருக்கும் மேஜை எங்கே என்று பார்த்துக்கொண்டு.

ஜூலை 14, செவ்வாய்

காலை, கடை திறப்பதற்கு முன். மூன்று வாரமாக இது நடக்கிறது. வாடிக்கையாளர்மேல் கை வைப்பதில்லை என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே என் தலை.

இடது கை. சீப்பு ஒரு முறைதான் விழுந்தது. இருபத்தைந்து நிமிடம். கண்ணாடியை என் பின்னால் பிடித்தார்.

"எப்படி பாப்பா?"

பார்த்தேன். நிதானமாக, இரண்டு பக்கமும்.

"கோணல்ப்பா."

"எவ்வளவு?"

"அரை விரல்."

"போன வாரம் ஒரு விரல்," என்றார், சீட்டியடித்துக்கொண்டே துணியை உதறினார்.

தரையைப் பெருக்கி முடியை அள்ளினேன். முதல் இரண்டு வாரமும் போட்டுக்கொண்டு போன தொப்பி ஆணியில் தொங்கியது. அதை அங்கேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.