இருபத்தேழாம் எண் உடையின் கை

1 பிப்ரவரி 1951, பாரிஸ்

என்ன நோட்டே, சௌக்கியமா? உன்னைத் தொட்டு மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே, பத்திரிகைக்கு உடை வரைகிறவனுக்கு இதுதான் அறுவடைக் காலம். இன்று தெலோமியே உடைமாளிகையில் காட்சி. வழக்கம்போல வாசலிலேயே பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே வரைந்தால் திருட்டுக்குச் சமம். கண்ணால் வாங்கி, வெளியே ஓடி, காப்பிக்கடை மேசையில் இறக்கி வைக்க வேண்டும். அதற்குப் படிப்பு எதற்கு? ஊரில் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் பார்த்த மாட்டுக்கு எந்தக் கொம்பு வளைந்திருந்தது என்று மூன்று மாதம் கழித்தும் சொல்வார். அம்மாவின் பிறந்தநாள் மட்டும் மறந்துபோகும். எங்கே விட்டேன்? ஆம், அறுபத்திரண்டு உடைகள். எல்லாம் தலைக்குள் பத்திரமாக இருக்கின்றன.

மார்ச் 6

பத்திரிகை வந்தது. இரண்டு பக்கம் நிறைய என் இருபத்தேழாம் எண் கறுப்பு உடை. காட்சியில் அதற்கு இருந்தது ஒட்டிய நீளக் கை. நான் வரைந்திருப்பதோ முப்பதாம் எண்ணின் அகலக் கை. இருபது வருடத்தில் ஒரு தடவைகூட இப்படி—

மார்ச் 8

அந்த அகலக் கைதான் வேண்டும் என்று மாளிகையில் பெண்கள் வந்து நிற்கிறார்களாம். பத்திரிகை ஆசிரியர் மதாம் வெர்னூய் என்னைக் கூப்பிட்டாள்.

"அர்மெல், இனிமே உன்னை உள்ள விடமாட்டாங்களாம். அனுமதி அட்டை போச்சுன்னா எனக்கு நீ எதுக்கு? தாள்ல என்னதான் எழுதியிருந்துச்சு?"

தாள் என்பது உடைக்கு ஒரு வரியாக லூசெத் என்ற பெண் மாளிகையில் உட்கார்ந்து காட்சிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் உடைகளின் விவரத்தைக் கையால் எழுதித் தருவது. என் தாள் காட்சி நடந்த அன்றே அடுப்புக்குப் போய்விட்டது. அதில் சரியாகத்தான் இருந்தது.

"அகலக் கைன்னுதான் எழுதியிருந்துச்சு, மதாம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தானாகவா?

சாயங்காலமே லூசெத்தை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 13

அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. சோறு இறங்கவில்லை என்பார்களே, எனக்கு ரொட்டி இறங்கவில்லை.

மார்ச் 19

நேற்று என் மனைவி ஒடெத்திடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

"கண்ணு தப்புப் பண்ணிச்சு, சரி. வாய்க்கு என்னய்யா வந்துச்சு?"

இன்று மாளிகைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். மேலாளர் கையை நீட்டினார். குலுக்கத்தான் என்று நானும் நீட்டினேன். "அட்டையைக் குடுங்க" என்றார்.

மே 28

இப்போது தபாலில் துணி விற்கும் கடையின் விலைப்பட்டியலுக்குக் கம்பளிப் பனியன் வரைகிறேன். பனியன் எதிரே நாற்காலியில் தொங்கும், வேண்டிய மட்டும் பார்க்கலாம். அதற்கு இடுப்பே கிடையாது, நோட்டே. அழகாக வரைந்தால் பொய்யாகிவிடும். சரி, அது கிடக்கட்டும்.

இன்று மெத்ரோ ரயிலில் லூசெத் எதிரே வந்து உட்கார்ந்தாள். வேலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களாம்.

"நீங்களே வந்து சொன்னீங்கன்னாங்க, மிஸ்யே."

"ஆமாம்மா."

"பதினோரு நாள் கழிச்சு."

நான் குனிந்துகொண்டேன்.

"உடை ரகசியத்தை வெளிய வித்துட்டேன், அதான் துரத்திட்டாங்கன்னு எங்கப்பா நெனச்சாரு. இன்னும் எங்கிட்ட பேசல."

அடுத்த நிலையத்தில் இறங்கிப் போய்விட்டாள். பின்னாலேயே இறங்கி, அவளுடைய அப்பாவிடம் நானே வந்து சொல்கிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முகவரியாவது—

"சூப்பு ஆறுதுய்யா! எவ்வளவு நேரம் எழுதுவ?"

இதோ வந்துவிட்டேன், ஒடெத். நோட்டே, நாளைக் காலையில் மாளிகை வாசலில் போய் நின்று அவள் வரும்போது முகவரியைக் கேட்டு—