அளந்து சொன்ன பிறகு போட்ட சீட்டு

பிப்ரவரி 3, செவ்வாய்

பட்டறையில் இருந்தவர்கள்: நான், இவர், கொழுந்தனார், மெக்கானிக் அண்ணன். நாலே பேர். நாளைக்கு யாரும் பேச்சை மாற்றக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

ஒரு மாதமாக இவர் ஓட்டுகிற எங்கள் வாடகைக் கார் நீலப் புகை கக்குகிறது. மெக்கானிக் அண்ணன் என் எண்ணெய் நோட்டைக் கேட்டு வாங்கினார். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றினோம் என்று இரண்டு வருடமாக எழுதி வருகிறேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஏறியிருக்கு தங்கச்சி. சூடாகி ஒரு நாள்கூட நின்னதில்ல. இது தேய்மானம். உடைசல் இல்ல. பிரிச்சு அளந்துட்டுச் சொல்றேன்."

கொழுந்தனார் சிரித்தார். "சாகக் கிடக்கிறதுக்கு எதுக்குண்ணே ஜாதகம்?"

பிப்ரவரி 5, வியாழன்

அளந்துவிட்டார். சிலிண்டர் தேய்ந்திருக்கிறது; கடைந்து ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டால் போதுமாம். கிராங்க் தண்டு நேராக இருக்கிறது. எஞ்சின் பிளாக்கில் விரிசல் இல்லை.

"உடம்பு நல்லாருக்கு, மூச்சுதான் வாங்குது. பிளாக் வெடிச்சிருந்தா நானே தூக்கிப் போடச் சொல்லியிருப்பேன்."

ஆனால் பன்னிரண்டு நாள் ஆகும். டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றி வரும் ஆஸ்பத்திரி ஓட்டம் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்காது. வேறு வண்டி வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு இருக்கிற நிலையான வேலை அது ஒன்றுதான்.

கொழுந்தனார் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பக்கத்து ஊர் உடைசல் கடையில் ஓடின எஞ்சின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். "நம்மளதக் குடுத்துட்டு அத எடுத்துக்கலாம். ரெண்டே நாள் வேல, அண்ணி."

"அது எங்க என்ன பாடு பட்டுச்சோ," என்றார் மெக்கானிக் அண்ணன். "இதோட கதை உங்க நோட்டுல இருக்கு."

இவர் என்னைப் பார்த்தார். "கணக்கு வச்சிருக்கிறவ நீ. நீயே சொல்லு."

பிப்ரவரி 6, வெள்ளி

விளக்கேற்றி, 'பிரித்துச் செய்', 'மாற்று' என்று இரண்டு சீட்டு எழுதி, கண்ணை மூடி எடுத்தேன். 'மாற்று' என்று வந்தது. இவரிடம் சொல்லிவிட்டேன். ஆண்டவன் சித்தம்.

பிப்ரவரி 9, திங்கள்

எஞ்சின் ஏறிவிட்டது. புகையே இல்லை. "திருடன் மாதிரி சத்தமில்லாமப் போகுது பாருங்க அண்ணி," என்று கொழுந்தனாருக்கு ஒரே பெருமை. மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "மாட்டச் சொன்னீங்க, மாட்டிட்டேன். அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க," என்றார்.

பழைய எஞ்சினை லாரியில் ஏற்றும்போது நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

ரேடியேட்டரில் அரை லிட்டர் தண்ணீர் குறைவு. நோட்டில் புதுப் பக்கம் போட்டேன்.

பிப்ரவரி 14, சனி

இன்று ஒரு லிட்டர். சொன்னேன். "புதுசா மாட்டினது, அப்படித்தான் இருக்கும். சும்மா தொணதொணக்காத," என்றார் இவர். இவர் என்னிடம் எரிந்து விழுகிறவர் இல்லை. பயந்திருக்கிறார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பாலத்து நடுவில் நின்றுவிட்டது. வெள்ளை ஆவி. உள்ளே தையல்கார அம்மா, டயாலிசிஸுக்குப் போகிறவர். ஒரு மணி நேரம் வெயிலில். வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டதாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

இனி வர வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் இவரிடம் சொல்லிவிட்டார்கள். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். என்ன சொல்லித் தேற்ற? எந்த வாயால்?

பிப்ரவரி 18, புதன்

வாங்கி மாட்டின எஞ்சினின் பிளாக்கில் விரிசல். மேலே பசை பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மெக்கானிக் அண்ணன் நகத்தால் சுரண்டிக் காட்டினார். 'அன்னைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கொழுந்தனார் தலை நிமிரவில்லை.

இங்கே ஒன்று எழுதியாக வேண்டும். அன்றைக்கு முதலில் வந்த சீட்டு 'பிரித்துச் செய்'.

பன்னிரண்டு நாளை நினைத்தேன் — ஓட்டம் போய்விடுமே, வீடு என்ன ஆகும்? மூன்று தடவை எடுப்போம், இரண்டு தடவை வருவதுதான் தீர்ப்பு என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். அடுத்த இரண்டும் 'மாற்று'. ஆண்டவன் மேல் பழி போட்டுவிட்டு எழுந்தேன். அளந்து சொன்ன மனுஷன் வாயில் அவன்தானே பேசினான்? அதற்கு மேல் சீட்டு எதுக்குடி உனக்கு?

பிப்ரவரி 20, வெள்ளி

தையல்கார அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கண் திறக்கவில்லை. மகள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சீட்டு விஷயத்தை இவரிடம் சொன்னேன்.  "நம்ம பழைய எஞ்சின் நம்பர் உன் நோட்டுல இருக்கா?" என்றார். இருக்கிறது.

பிப்ரவரி 23, திங்கள்

இன்று முதல் இவர் வேறொருவர் லாரிக்கு ஓட்டப் போகிறார். எங்கள் கார் எஞ்சின் இல்லாமல் பட்டறை ஓரத்தில் நிற்கிறது. உடைசல் கடைக்காரர் போனை எடுப்பதில்லை. கொழுந்தனாரிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தின் நகல்:

ஐயா, ஒன்பதாம் தேதி உங்கள் லாரியில் ஏற்றிய எஞ்சின் எங்களுடையது. நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். பிஸ்டன் பிரித்தபடி இருக்கும். அடிப்பக்கம், பிரித்த அன்று நான் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய தேதி இருக்கும். அதில் விரிசல் இல்லை, அளந்து பார்த்தது. நீங்கள் தந்ததைத் திருப்பித் தருகிறோம், சண்டைக்கு வரவில்லை. எங்களுடையதை உருக்க அனுப்பிவிட்டீர்களா, இன்னும் கடையில் கிடக்கிறதா? அதை மட்டும் சீக்கிரம் சொல்லுங்கள்.