சூசை கடைசியாக அடித்த லாடம்

மாசி 3, செவ்வாய்

விடியவே வாடைக்காற்று. கூரைத் தகரம் ஒன்று அடித்துக்கொண்டே இருக்கிறது. இவர் இருந்தால் ஏறி ஆணி அடித்திருப்பார்.

வெள்ளிக்கிழமை இவர் கண்மூடி எட்டாம் நாள் பூசை. வருகிறவர்கள் இருக்கக் கதிரை இரவல் வாங்க வேண்டும். தேத்தண்ணிக்குச் சீனி. கொடியில் தொங்கும் இவருடைய சேட்டுகளை என்ன செய்வது?

காலையில் பாதர் வந்தார். பூசை முடிய இவரைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டுமாம். "நீங்களே பேசுங்கோ, பிலோ அக்கா. உங்களை விட ஆருக்குத் தெரியும்?"

மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சூசை, குதிரைக்கு லாடம் அடிப்பவர். இந்தியாவில் அகதி முகாமில் இருந்தபோது ஒரு குதிரை லாயத்துக்கு வேலைக்குப் போய்த் தொழில் பழகினவர். ஊர் திரும்பினால் இங்கே கடற்கரைச் சவாரிக் குதிரை நாலைந்தை விட்டால் ஏது குதிரை? தெருக் கழுதைகள்தான். வளர்ந்து சுருண்டுபோன குளம்போடு நொண்டித் திரிபவற்றைக் கயிறு போட்டுப் பிடித்து, குளம்பு வெட்டி விடுவார். ஒருவரும் கேட்காமலே.

சரியில்லை. யாரோ ஒரு நல்ல மனிதரைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறது.

மத்தியானம் நிஸ்தார் தம்பியின் போன். கீரிக் கடற்கரையில் வெளிநாட்டுக்காரருக்குக் குதிரைச் சவாரி நடத்துகிறவர். "அக்கா, இந்த நேரத்தில சொல்லக் கூடாதுதான்..." அவருடைய பெட்டைக் குதிரை மைனா இடது முன்காலை ஊன்றுகிறாள் இல்லையாம். நேற்றிலிருந்து.

அந்தக் காலுக்கு லாடம் அடித்தது இவர். கண்மூடுவதற்கு இரண்டு நாள் முந்தி.

சோற்றை மூடி வைத்தேன்.

மாசி 4, புதன்

காற்று நின்றபாடில்லை. நித்திரையும் இல்லை.

போன வருஷத்திலிருந்தே இவருக்கு வலது கை நடுக்கம். சாப்பிடும்போது இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். "இவ்வளவு காலம் செய்தது காணும், தொழிலை விடுங்கோ" என்றால், "குளம்பைப் பிடிச்சால் நடுக்கம் நிண்டிடும்" என்பார். நிற்கவில்லையோ? ஆணி உள்சதையில் ஏறிவிட்டதோ?

மிருக வைத்தியர் கொழும்பில். திங்கள்தான் வருவாராம். போனில் சொன்னார்: லாடத்தைக் கழற்றுங்கோ, உப்புப் போட்ட சுடுதண்ணியில் காலை வையுங்கோ, வந்து ஊசி போடுகிறேன். சரி, கழற்றுவது யார்? எங்கள் தீவில் வேறு லாடக்காரர் இல்லை. நிஸ்தாருக்குப் பயம், உதைப்பாள் என்று.

நான் எத்தனை வருஷம் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு இவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பார்ப்பது வேறு.

ரீட்டா, இவருடைய தங்கச்சி, பின்னேரம் வந்தாள். போகாதே என்கிறாள். "ஆணி பிழையா ஏறியிருந்தா? அண்ணன்ர கடைசி வேலை பிழையெண்டு ஊர் கதைக்கட்டோ, மச்சாள்? பூசை முடியட்டும்."

எனக்கும் அதே பயம்தான். ஆனால் மூன்று காலில் நிற்கும் சீவனுக்குப் பூசை தெரியுமா?

இவரோடு வாழ்ந்தது முழுக்கப் பயம்தான். தேத்தண்ணிக் கேத்திலும் வீச்சுவலையுமாகத் தலைமன்னார்ப் பக்கம் மணல் திட்டுகளுக்குப் போவார். வானத்துக்குக் கீழே படுப்பார். பூநாரைகள் இறங்கிவிட்டன என்று கேள்விப்பட்டால் இரண்டு நாள் ஆள் இல்லை. ஒருமுறை நேவி பிடித்து வைத்திருந்தது. வந்ததும் சிரிக்கிறார்: "நல்ல சாப்பாடு தந்தாங்கள்." கடல்தான் இவரைக் கொண்டுபோகும் என்று பயந்து பயந்தே இருந்தேன். கடைசியில் எங்கள் முற்றத்தில், கதிரையில், தேத்தண்ணி குடித்தபடி.

மாசி 5, வியாழன்

போனேன். இவருடைய குறடும் அரமும் உரப்பையில். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் செபமாலை.

மைனா மூக்கை நீட்டி என்னை மணந்து பார்த்தாள். பிறகு உரப்பையை. நிஸ்தார் தலையைப் பிடித்தார். குனிந்து காலைத் தூக்கி என் முழங்கால்களுக்கு இடையில் வைத்தேன். நெருப்பாகச் சுட்டது. அவள் முழு உடம்பும் நடுங்கியது.

வெளியே மடிந்திருந்த ஆணி முனைகளை அரத்தால் ராவி, குறடால் ஒவ்வொன்றாக இழுத்தேன். முதலாவது காய்ந்து வந்தது. அடுத்ததும். உள்பக்கத்து ஆணியைத் தொட்டதும் காலை உதறினாள். மண்ணில் விழுந்தேன். எழும்பித் திரும்பப் பிடித்தேன். அது ஈரமாக, கறுப்பாக வந்தது. பின்னாலேயே சீழ். நாற்றம்.

லாடத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கேயே மண்ணில் குந்திவிட்டேன்.

"இவர் அடிச்ச ஆணிதான், தம்பி. உள்ளுக்கு ஏறிப்போச்சு."

நிஸ்தார் மைனாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "சூசை நாநாவுக்குத் தெரிஞ்சிருந்தா அண்டைக்கே ஓடி வந்திருப்பாரு, அக்கா. மவுத்தாப் போனவர் எப்படி வாற?"

சுடுதண்ணி வாளியில் காலை வைத்தோம். கொஞ்ச நேரத்தில் வலி தணிந்து கண்ணைச் சொருகிக்கொண்டாள். நான் வீட்டுக்கு வெளிக்கிடும்போது குளம்பின் நுனி மண்ணில் பட்டிருந்தது.

இடுப்பு முறிகிறது. நாளைக்கு என்ன பேசுவது?

மாசி 6, வெள்ளி

வெயில். கோயில் நிறைய ஆட்கள். கீரியிலிருந்து நிஸ்தாரும் வந்து வாசலில் நின்றார். மைனா இரண்டு எட்டு நடந்தாளாம்.

எழும்பினேன். யோசித்து வைத்தது ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். கை நடுங்கியும் தொழிலை விடாத பிடிவாதக்காரர் என்றேன். கடைசி ஆணி பிழையாகப் போய்விட்டது என்றேன். அதை நான் கழற்றினேன், குதிரை தேறி வருகிறது என்றேன். முன் வரிசை வாங்கில் ரீட்டா முகத்தை மூடிக்கொண்டாள்.

ஐயோ, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு மீன்காரர்: "சூசை என்ர சைக்கிளை இரவல் கொண்டுபோய் மணல்திட்டில விட்டிட்டு நடந்து வந்தவன். மூண்டு நாளா எங்க விட்டனெண்டே தெரியாது அவனுக்கு!" யாரோ சிரித்துவிட்டார்கள். கோயிலுக்குள். பாதரும் சிரித்தார். இன்னொருத்தி, இவர் கழுதையிடம் கடி வாங்கிக்கொண்டு கழுதைக்காகப் பரிந்து பேசிய கதை. பிறகு இன்னொன்று. எல்லாம் இவரேதான். ஒரு கிழமையாக எங்கேயும் காணாத மனிதர்.

கடைசியில் ரீட்டா எழும்பினாள். என்னைத் திட்டத்தான் போகிறாள் என்றிருந்தது. அவள் என் பக்கம் பார்க்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சின்ன வயசில அண்ணன் என்னைக் கழுதையில ஏத்திக் கடலுக்க கொண்டுபோய் விட்டவர்..." என்று தொடங்கினாள்.