அறுத்துவிட்ட வலை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று காலை கரையில் அந்த வலையைப் பிரித்தபோது இருந்தவர்கள்: உன் மாமா, அவரோடு படகில் போகும் நெட்டையர், சங்கச் செயலாளர், ஐஸ் கடைக்காரர், என் நாத்தனார், நான். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கைக்கு, யார் யார் என்று முதலில் எழுதாவிட்டால் மேலே ஓடாது. நாளைக்கு யாரும் "நான் பார்க்கலையே" என்று சொல்லக் கூடாது என்பது இன்னொரு காரணம்.

நீயும் அவளும் பிள்ளைகளும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். வேண்டுகிறேன் என்று எழுதிவிட்டேனே தவிர, நேற்றிலிருந்து ஒழுங்காக வேண்ட முடியவில்லை. கை கூப்பினால் விரல் நேரே மூக்குக்குக் கிட்டே வருகிறது. சோப்பு, எலுமிச்சைத் தோல், சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டேன். நாற்றம் நகக்கண்ணில் குடியேறிவிட்டது.

பாறைப் பக்கம் எங்கள் படகின் நங்கூரம் எதிலோ மாட்டிக்கொண்டதாம். இழுத்தால் கூடவே ஒரு பெரிய உருண்டை வந்திருக்கிறது. வலைதான். கரையில் போட்டுப் பிரித்தோம். மேலே நேற்று மாட்டிய மீன், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு. அதற்குக் கீழே கண் இல்லாத மீன். அதற்கும் கீழே கூழ். அந்தக் கூழைத் தின்ன வந்த நண்டுகளும் மாட்டி, அவற்றைத் தின்ன வந்தவையும் மாட்டி, அடுக்கடுக்காகச் செத்திருந்தன. நடுவில் ஒரு ஆமை. அதன் முதுகோட்டை நிமிர்த்தியதும் உள்ளே இருந்தது ஊறிக் கரைந்த சோப்பு மாதிரி வழிந்து என் கால்மேல் கொட்டியது. ஐஸ் கடைக்காரர் திரும்பி நின்று வாந்தி எடுத்தார். அவர் மூக்குக்கு மீன் நாற்றம் புதிதா?

இத்தனையும் அழுகியிருக்கிறது, வலை மட்டும் அழுகவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த பளபளப்பு. யார் வலை என்று தேட வேண்டியிருக்கவில்லை. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம், மேல் கயிற்றில் நூல் சுற்றி வைப்போம். அதில் இருந்தது மஞ்சள் நூல். நான் சுற்றியது. உன் மாமா அறுத்துவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

உன் கம்பெனி வலை, தம்பி. தொலைந்தால் கடலிலேயே ஒரு வருடத்தில் கரைந்து மண்ணாகிவிடும் என்று நீ சொன்ன வலை. முன்பெல்லாம் பாறையில் வலை மாட்டினால் இவர்கள் பாதி நாள் முங்கி முங்கி எடுத்துக்கொண்டு வருவார்கள். உன் வலை வந்த பிறகு யாரும் முங்குவதில்லை. மாட்டிய இடத்தில் அறுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கிழிந்த பகுதிக்குக் கம்பெனியே புதுத்துண்டு தருகிறது, பிறகென்ன? உன் மாமா சீக்கிரம் வீடு திரும்புகிறாரே என்று நானும் மகிழ்ந்துதான் இருந்தேன். இப்போதுதான் யோசிக்கிறேன். எல்லாப் படகும் அறுத்துவிட்டது எல்லாம் அந்தப் பாறையில்தானே கிடக்கும்?

நாத்தனார் கதை தனி. அவள் தோட்டத்துப் பாத்திகளில் விரித்தாளே, களை முளைக்காமல் இருக்க உங்கள் வெள்ளைத் துணி, அதையும் மண்ணோடு உழுதுவிடலாம் என்றுதானே சொன்னீர்கள்? உழுதாள். இந்தத் தடவை டில்லர் கத்தியில் முடி சுற்றின மாதிரி நார் நாராகச் சுற்றிக்கொண்டு வண்டியே நின்றுவிட்டது. முள்ளங்கியைப் பிடுங்கினால் வேரோடு நூல் வருகிறதாம்.

உனக்குத் தெரியாமல் நடந்திருக்கும். ஏதோ தப்பான நூல் கலந்திருக்கும். விசாரித்து எழுது.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பிடும் நேரத்தில் பிரித்தது என் தப்பு. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவின் தோள் வலி எப்படி இருக்கிறது? நெட்டையரைக் கேட்டதாகச் சொல்.

நடந்தது வருத்தமானதுதான். ஆனால் ஒரு வலையை வைத்து முடிவு கட்டக் கூடாது. லேபிளில் "மக்கக்கூடியது" என்று இருக்கிறது. அது பொய் இல்லை. ஆய்வுக்கூடத்தில் சுடுநீர்த் தொட்டியில் போட்டபோது மக்கியது. கடல் அவ்வளவு சூடாக இருக்காது, அதனால் நேரம் பிடிக்கும். இதைப் போன வருடத்துக்கு முந்தின வருடம் மழைக்கு முன்பு வந்த அறிக்கையே சொல்லிவிட்டது. அதனால்தான் புது நூல் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெரிய படத்தைப் பார், அக்கா. இனி வயலுக்கு நிழல் வலை வேண்டும், பறவை வலை வேண்டும், பனிக்கும் பூச்சிக்கும் போர்வை வேண்டும், குட்டைத் தண்ணீர் மண்ணில் இறங்காமல் அடியில் விரிக்கத் துணி வேண்டும். கடலில் மீன் வளர்க்கும் கூண்டுக்கு வலை வேண்டும். சாப்பிடும் வாய் கூடிக்கொண்டே போகிறது. துணி இல்லாமல் விவசாயமும் இல்லை, மீன்பிடிப்பும் இல்லை என்ற காலம் வரும். அடுத்த மாதம் ஒரு பெரிய மாநாட்டில் நான் இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது நல்லபடியாக நடந்தால் பிரிவுத் தலைவர் பதவி எனக்கு. உங்கள் கரைக்கு வடக்கே இன்னும் மூன்று கரைகளுக்கு இதே வலை போகப்போகிறது.

அதனால் ஒரு சின்ன உதவி. அந்த உருண்டையை யாரும் போட்டோ எடுக்காமல் பார்த்துக்கொள். மணலில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடச் சொல். அந்த வாடை உனக்கும் நல்லதில்லை.

அன்புத் தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

புதைக்கவா? எத்தனை நாளைக்கு?

உன் கடிதத்தை உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார். "முந்தின வருடம் மழைக்கு முன்பு வந்த அறிக்கை" என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அவன் நம்ம வீட்டுக்கு எப்ப வந்தான்?" என்று கேட்டார்.

"அந்த மழை விட்ட பிறகு."

"அப்பத்தானே கரையில நின்னு சொன்னான், எதுக்கு மாமா முங்குறீங்க, அறுத்து விடுங்க, கரைஞ்சிடும்னு?"

  உனக்குத்தான் தெரியுமே, அவர் கோபம் வந்தால் சத்தம் போடுகிற ஆள் இல்லை. எழுந்து போய் வாயைக் கொப்புளித்துவிட்டு வந்தார்.

அன்று நீ எங்கள் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டாய். மீன் நல்ல ருசி என்று இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாய். வாயில் மீனையும் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையையும் சொல்ல உன்னால் எப்படி முடிந்தது? ஆமை வழிந்த காலைக் கழுவிவிட்டேன். இதை எதைப் போட்டுக் கழுவுவது என்று தெரியவில்லை.

துணியே வேண்டாம் என்று சொல்கிற பைத்தியக்காரி இல்லை நான். நிழல் வலை இல்லாவிட்டால் நாத்தனாரின் நாற்று போன கோடையில் கருகியிருக்கும். பருத்தி வலை போய் எடை குறைந்த நைலான் வந்ததால்தான் உன் மாமா தோள் இன்னும் கழன்று விழாமல் இருக்கிறது. வருங்காலத் தேவை என்று இத்தனை எழுதியிருக்கிறாயே, தொலைந்த வலையைத் தேடி எடுக்க ஒரு வழி, கிழிந்த துணியைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு இடம், இந்த இரண்டும் உன் பட்டியலில் எங்கே? விற்கிறவரைக்கும் உங்கள் துணி, அழுகுகிறபோது எங்கள் கடலா?

வருகிற மாதம் முதல் ஞாயிறு சங்கக் கூட்டம். நீ வந்து நின்று, "இது கரையாது, இனி அறுத்துவிடாதீர்கள், விட்டதை எடுக்கக் கம்பெனி ஆளும் படகும் தரும்" என்று உன் வாயால் சொல்ல வேண்டும். வடக்குக் கரை ஆட்களையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

நீ எழுதியதை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. என்னை இவ்வளவு கேவலமாகவா நினைக்கிறாய்?

கம்பெனியில் எனக்கு மேலே இருப்பவர் அறிக்கையைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்றார். பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் என்ன செய்ய முடியும்? மாமா முங்குவதைப் பார்த்ததும் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. தினம் பத்துப் பேரிடம் சொல்கிற வாக்கியம் அது.

கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. நீயும் எதையும் கிளப்பாதே. இது நமக்குள் இருக்கட்டும். மாநாடு முடிந்ததும் மெதுவாக ஏதாவது செய்கிறேன். நீ எனக்கு அம்மா மாதிரி. என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டாய் என்று தெரியும்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

அம்மா மாதிரி என்று எழுதாதே. அந்த வார்த்தையை இதற்குள் இழுக்காதே, அருவருப்பாக இருக்கிறது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நேற்று நெட்டையர் இன்னொரு வலையைப் பாறையில் அறுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த உருண்டையைத் தன் கையால் பிரித்த மனிதர்! ஏன் என்று கேட்டேன். அது பழைய நூலாக இருக்கும், இது புதுசு, கரைஞ்சிடும் என்கிறார். கரையாது என்று எனக்குத் தெரியும் என்றேன். சிரித்தார்.

"உங்க தம்பியே சொன்னாருல்ல அண்ணி. கம்பெனியில இருக்கிறவர் பேச்சைக் கேக்குறதா, வீட்டுக்குள்ள இருக்கிற உங்க பேச்சைக் கேக்குறதா?"

சங்கச் செயலாளரும் அதைத்தான் வேறு மாதிரி, மரியாதையாகச் சொன்னார். உன் மாமா சொன்னதற்கும் அதே கதிதான். மச்சான்மேல் ஏதோ கோபம் என்று பேசிக்கொள்கிறார்கள். உன் சொல்லை இங்கே வேதவாக்காக வைத்திருக்கிறார்கள், தம்பி. பெருமையாக இருக்கிறதா?

பாறைப் பக்கம் இப்போது மீன் வந்து முட்டை வைக்கும் பருவம். கீழே அந்த வலைகள் ஆட்டம் போட்டுக்கொண்டிருக்கின்றன. நாலு நாளாக வீட்டில் மீன் சமைக்கவில்லை. சட்டியை அடுப்பில் வைத்தாலே அந்தக் கூழ் கண்முன் வருகிறது. மீனவன் வீட்டில் மீனைப் பார்த்து முகம் சுளிக்கிறவளாக என்னை ஆக்கிவிட்டாய்.

நிறைய வேண்டிக்கொண்டேன். உனக்காகவும்தான். ஆண்டவன் எனக்குக் காதில் ஒன்றும் ஓதவில்லை. யோசித்துப் பார்த்தால் யோசிக்க எதுவும் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ வராவிட்டால் நான் எழுந்து பேசுவேன். வலையைப் பற்றிப் பேசினால் நம்ப மாட்டார்கள் என்று தெரியும். அதனால் வலையைப் பற்றிப் பேசப் போவதில்லை, உன்னைப் பற்றித்தான் பேசுவேன். கரையாது என்று தெரிந்த பிறகும் என் தம்பி இந்தக் கரையில் நின்று, தன் மாமாவைப் பார்த்து, கரையும் என்று சொன்னான் என்று சொல்வேன். நூலைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள், கூடப் பிறந்தவனைப் பற்றிச் சபையில் ஒருத்தி பொய் சொல்வாள் என்று நினைக்க மாட்டார்கள். அதை நம்புவார்கள். வடக்குக் கரைக்காரர்களும் நம்புவார்கள்.

அதைச் சொன்ன பிறகு நீ இந்த வீட்டுக்கு வர முடியாது. நான் கதவைத் திறந்து வைத்தாலும் உனக்குக் கால் வராது. அது எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ வந்து நீயே சொல்லிவிட்டால் நான் வாய் திறக்க வேண்டியதில்லை. நாலு பேர் திட்டுவார்கள், வேலையும் போகலாம். ஆனால் கூட்டம் முடிந்து இங்கேதான் வந்து சாப்பிடுவாய்.

வருகிறாயா, இல்லையா? அதை மட்டும் எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா