வாழைச் சீப்போடு வந்த புகார்

அன்பு மகள் வெனிங்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அப்பா எழுதுவது. அம்மாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே சோலோவில் அனைவரும் சுகம், அங்கே ஜப்பானில் வேலை பார்க்கும் நீயும் உன் கைகால்களும் ஒன்றுவிடாமல் சுகமாக இருக்க அல்லாவை வேண்டிக்கொள்கிறோம். அம்மா உனக்கு நிலக்கடலைச் சம்பல் பொடியும் தெம்பே வறுவலும் பொட்டலம் கட்டினாள், மூலையில் கொஞ்சம் இடம் மிஞ்சியது, பழைய செய்தித்தாளைத் திணிப்பதற்குப் பதில் கடிதம் எழுதி வையுங்கள் என்றாள், ஆகவே இது செய்தித்தாளுக்குப் பதிலாக வரும் கடிதம். மழை இன்னும் விட்டபாடில்லை, சமையலறைக் கூரை ஒழுகுகிறது, கொத்தனார் நாளை வருவதாகத் தினமும் சொல்கிறார். உன் பூனை இப்போது எதிர்வீட்டில் சாப்பிட்டுவிட்டு நம் வீட்டில் தூங்குகிறது. அம்மாவைக் கால் மருத்துவரிடம் கூட்டிப் போனேன், எடையைக் குறைக்கச் சொன்னார், அவள் மருத்துவரை மாற்ற வேண்டும் என்கிறாள்.

பல்கலைக்கழகத்தில் மதிப்பீடு நடந்ததே, என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அதைத்தான் சொல்லப் போகிறேன், தேநீர் போட்டு வைத்துக்கொண்டு படி. நான் தர உறுதி அலுவலகத்தின் தலைவன் ஆனதிலிருந்து என் மேசையில் உணவுத் தொழில்நுட்பப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் கோப்புகள். என்ன பாடம் நடத்தப் போகிறோம் என்பதற்கு ஒரு கோப்பு, நடத்திவிட்டோம் என்பதற்கு ஒரு கோப்பு, நடத்தினோமா என்று சரிபார்த்ததற்கு ஒரு கோப்பு, அப்படிச் சரிபார்த்தவர் தேநீர் குடித்ததற்கு ரசீது. இந்த வருடம் நீ படித்த துறைக்குத்தான் சோதனை. இப்போது நமக்கு இருக்கும் ‘மிகச்சிறப்பு’ என்ற தரநிலை இறங்கினால் இறுதியாண்டுப் பிள்ளைகள் அரசு வேலைக்கு விண்ணப்பம் போடும்போதே கழித்துவிடுவார்கள், உனக்குத் தெரியாததா. அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் வயலை அடகு வைத்துப் படிக்க வந்தவர்கள். அதனால் ஜகார்த்தாவிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வருவதற்கு முன்னால் ஒத்திகை பார்க்க சுரபாயாவிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்தோம். அவர் எல்லாக் கோப்புகளையும் புரட்டிவிட்டு மாணவர் புகார்க் கோப்பைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். காலி. “அஞ்சு வருஷத்துல ஒரு புகார்கூட இல்லையா பாக் சுகெங்? இது பல்கலைக்கழகமா, சொர்க்கமா?” என்றார். நம் துணைவேந்தர் பாக் ஹர்தாடி அதைப் பாராட்டு என்று நினைத்து எழுந்து கைகூப்பினார். ஆலோசகர் அவரை உட்காரவைத்து விளக்கினார்: புகாரே இல்லை என்றால் நீங்கள் கேட்கவில்லை, அல்லது கேட்டும் யாரும் சொல்லத் துணியவில்லை, இரண்டுக்கும் மதிப்பெண் வெட்டுவார்கள், தரநிலை இறங்கும். அன்று மாலையே துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டார். “பாக் சுகெங், அவங்க வர்றதுக்குள்ள எனக்குப் புகார் வேணும். நல்ல புகாரா இருக்கணும்.” நல்ல புகார் என்றால் என்ன என்று கேட்டேன். “ஏற்கெனவே தீர்த்து வெச்ச புகாரு” என்றார்.

இங்கேதான் உன் அப்பாவாகிய நான் என் மூளையைக் காட்டினேன். நோன்புப் பெருநாள் முடிந்து எல்லாரும் ஊரிலிருந்து திரும்பியிருந்த நேரம். நம் வழக்கப்படி பெரிய மண்டபத்தில் மன்னிப்புக் கூட்டம் வைத்தோம். துணைவேந்தரிலிருந்து வாயிற்காவலர் வரை வரிசையாக நிற்க, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கைபிடித்து, உடலாலும் உள்ளத்தாலும் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டும் என்று சொல்ல, நாங்களும் அதையே திருப்பிச் சொல்ல, பாதிப்பேருக்குக் கண்ணில் தண்ணீர். மொத்தக் கூட்டமும் ஒரே இடத்தில் கிடைக்கிறதே, இதைவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது என்று, கெதுபட் சோறும் கோழிக் குழம்பும் பரிமாறி முடித்த கையோடு புகார்ப் படிவத்தை நீட்டினேன். ஆசிரியர்மீது என்ன குறை, தயங்காமல் எழுதுங்கள் என்று ஒலிபெருக்கியில் வேறு சொன்னேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இப்போதுதானே எல்லாவற்றையும் மன்னித்தோம், கை ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் எதைத் தோண்டி எடுப்பது? வந்த படிவங்களை நீ பார்த்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் எங்களுக்குப் பெற்றோர் மாதிரி என்று பலர். குறை இருந்தால் அது எங்களிடம்தான் என்று சிலர். ஒரு பையன் வகுப்பில் தூங்குவதாகத் தன்மேலேயே புகார் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். கோழிக் குழம்பில் உப்பு குறைவு என்று ஒன்று, அதற்கும் கீழே மன்னிக்கவும் என்று.

வேறு வழியில்லாமல் துணைவேந்தர் ஒரு குழு போட்டார், புகார் எழுதுவதற்கு. குழுத் தலைவர் நான். நாளெல்லாம் உட்கார்ந்தோம். நூலகத்தின்மீது எழுதலாம் என்றால் நூலகர் முகம் சுருங்கியது, ஆய்வகத்தின்மீது என்றால் ஆய்வகப் பொறுப்பாளர் அழும் நிலைக்கு வந்துவிட்டார், கழிவறை என்றால் துணைவேந்தர் தொண்டையைச் செருமினார், அதை அவர்தான் திறந்து வைத்தார். கடைசியில் யாருடைய மனமும் புண்படாத ஒன்றைக் கண்டுபிடித்தோம்: மேல்மாடியில் இணைய இணைப்பு சில சமயம் மெதுவாக இருக்கிறது. அதற்கும் கீழே ‘மற்றபடி எல்லாம் அருமை’ என்று சேர்க்க வேண்டும் என்றார்கள், சேர்த்தோம்.

அந்த வார இறுதியில் நிகென் நம் வீட்டுக்கு வந்தாள். உன் துறைதான், இறுதியாண்டு, வகுப்புத் தலைவி, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. கையில் ஒரு பெரிய சீப்பு வாழைப்பழம், நல்ல ராஜா ரகம். உட்கார்ந்தாள், மழையைப் பற்றிச் சொன்னாள், அம்மாவின் ஆர்க்கிட் பூவைப் பாராட்டினாள், பூனையைப் பாராட்டினாள், தேநீர் ஆறும் வரை தொடவில்லை. பிறகு என்னைப் பாராட்ட ஆரம்பித்தாள். “பாக் எங்களுக்காக ரொம்ப உழைக்கிறீங்க. எங்க வகுப்பு நேரத்துலகூட உங்க அலுவலகத்துல விளக்கு எரியுது. நாங்க எல்லாரும் கதவுவரைக்கும் வந்து பாத்துட்டு, தொந்தரவு பண்ண வேணாம்னு திரும்பிப் போயிடுறோம்.” நான் நடத்தவேண்டிய டப்பா உணவுப் பாடத்தைத் தாங்களே புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொள்கிறோம் என்றாள், புரியவில்லை என்றால் அது தங்கள் மூளையின் குறை என்றாள். “அடுத்த பருவத்துல தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போகணும், கொஞ்சம் பயமாதான் இருக்கு, ஆனா பரவால்ல பாக். நீங்க உடம்பப் பாத்துக்கங்க.” எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு, ஒரு பழத்தை உரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன், பார்த்தாயா லஸ்த்ரி, இந்தக் காலத்திலும் ஆசிரியர்மேல் பிள்ளைகளுக்கு எவ்வளவு பாசம்.

அம்மா என்னை அப்படியே பார்த்தாள். கல்யாணமான புதிதில் நான் ரயிலைத் தவறவிட்டபோது பார்த்தாளே, அந்தப் பார்வை. “நீங்க நெசமாவே படிச்ச ஆளுதானா? அந்தப் பொண்ணு ஒரு மணி நேரமா உங்களத் திட்டிட்டுப் போறா, நீங்க அவ குடுத்த பழத்தையே தின்னுக்கிட்டு நிக்கிறீங்க” என்றாள். வகுப்புக்கு வராத வாத்தியார் என்று அதைவிட எப்படித்தான் ஒரு பிள்ளை சொல்லும், ஊரையே கூட்டித் தண்டோரா போட வேண்டுமா என்று கேட்டாள். பாதிப் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது வெனிங், உண்மையாகவே வெட்கமாக இருந்தது. எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வேகவைத்தால் டப்பாவுக்குள் கிருமி சாகும் என்பது அந்தப் பாடம். அது தெரியாமல் ஒரு பிள்ளை தொழிற்சாலைக்குள் போனால் அதைத் தின்கிறவனுக்கு என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பாடம் தரமாக நடந்ததற்கான கோப்பு மட்டும் என் அலமாரியில் மிக அழகாக இருக்கிறது.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் புகார்ப் படிவத்தை எடுத்து நானே நிரப்பினேன். யார் மீது: சுகெங். விசாரிக்க வேண்டியவர்: தர உறுதித் தலைவர் சுகெங். துணைவேந்தர் படித்துவிட்டு அதை இரண்டாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “தர உறுதித் தலைவர் மேலயே புகாரா? நம்மள நாமே அடிச்சுக்கிறதா? இணைய இணைப்பு போதும் பாக்.” நான் தலையாட்டினேன், நானும் எதிர்த்துப் பேசத் தெரியாத இந்த ஊர்க்காரன்தானே. அன்று வகுப்புக்காவது போய்விடலாம் என்று போனேன், பலகையில் முதல் சூத்திரத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆள் வந்து கூப்பிட்டார், அவசரக் கூட்டமாம். ஆசிரியர்களின் வகுப்பு வருகைப் பதிவைச் சரிசெய்ய.

மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். வாசலில் அவர்கள் முகம் அச்சடித்த பெரிய பதாகை, பெண்பிள்ளைகள் நடனமாடி வரவேற்றார்கள், நாங்கள் எல்லாரும் ஒரே நிறப் பாத்திக் சட்டை, ஒவ்வொரு நாற்காலியிலும் லெம்பெர் வைத்த சிற்றுண்டிப் பெட்டி. வந்தவர்களில் ஒருவர் பாடாங்கைச் சேர்ந்தவர், கோப்புகளை மட்டும் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. இன்னொருவர் பு குசுமா என்ற அம்மாள், யோக்யா பக்கத்துக் கோத்தாகெடேக்காரர், நம்மைப்போல் ஜாவா ஆள்தான், கோப்பு எதையும் திறக்கவே இல்லை. மாணவர்களோடு தனியாகப் பேச வேண்டும், ஆசிரியர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்றார். பேசி முடித்து வெளியே வந்தபோது பிள்ளைகள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்களை மிகவும் புகழ்ந்தோம் என்று ஒருத்தன் சொல்ல, துணைவேந்தர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நிறைவுக் கூட்டத்தில் அந்த அம்மாள் எழுந்தார். “பிள்ளைங்க யாரும் ஒரு குறையும் சொல்லல” என்றார். துணைவேந்தர் மலர்ந்தார். “பாக் சுகெங் உடம்பு நல்லா இருக்கணும்னு மட்டும் எல்லாரும் சொன்னாங்க. வகுப்பு நேரத்துலகூட வேலை பாக்குறாராம். எங்க ஊர்ல பிள்ளைங்க வாத்தியார் உடம்ப நெனச்சு இவ்வளவு கவலப்பட்டா, வாத்தியார் வகுப்புக்கு வர்றதில்லன்னு அர்த்தம். அப்படியா பாக்?” துணைவேந்தர் என்னைப் பார்த்தார், கண்ணாலேயே இணைய இணைப்பு என்றார். ஆமாம் என்றால் தரநிலை போகலாம், பிள்ளைகள் தலையில் விடியும், இல்லை என்றால் அந்தப் பிள்ளைகளையே பொய்யர்களாக்க வேண்டும். பின்வரிசையில் நிகென் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றேன். ஆமாம் பு குசுமா, அதைச் சொல்ல வாழைப்பழத்தோடு வீட்டுக்கே வந்தார்கள், எனக்குப் புரியவில்லை, என் மனைவிதான் புரியவைத்தாள் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டு, “உங்க வீட்டம்மாவத்தான் தர உறுதிக்குப் போட்டிருக்கணும்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

முடிவு வரும்வரை நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. போன வாரம் வந்தது. மிகச்சிறப்பு அப்படியே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். புகாரை ஒப்புக்கொள்ளும் பழக்கம் இந்தத் துறையில் உண்டு என்று ஒரு வரி, தர உறுதித் தலைவரை உடனே வகுப்பறைக்கு அனுப்பவும் என்று இன்னொரு வரி. பதவி போய்விட்டது, அம்மா அன்று பாயசம் வைத்தாள். துணைவேந்தர் விடுவாரா, வாழைப்பழம் கொண்டு வருவதற்கு ஒரு நடைமுறை விதி எழுதச் சொல்லியிருக்கிறார், எந்த ரகம், யார் பெற்றுக்கொள்வது, எத்தனை நாளுக்குள் புரிந்துகொள்ள வேண்டும் என்று. அது புதிய தலைவரின் பாடு. நான் விட்ட வகுப்புகளையெல்லாம் சனிக்கிழமைகளிலும் சேர்த்து நடத்துகிறேன், பிள்ளைகள் என் ஆரோக்கியத்தைப் பற்றி மறுபடியும் கவலைப்படத் தொடங்கியிருக்கிறார்கள்.

இனி உன் விஷயம். போன வாரம் நீ அனுப்பிய செய்தி வந்ததும் நான் மகிழ்ந்துபோய் எதிர்வீட்டுக்கும் படித்துக் காட்டினேன். இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது அப்பா, எங்கள் மேற்பார்வையாளர் ரொம்ப உழைப்பாளி, ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்குப் போகமாட்டார், எங்களையும் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார், அறை சின்னது, ஐந்து பேர் இருப்பதால் குளிரே தெரியாது, பசியும் முன்னே மாதிரி இல்லை, செலவு மிச்சம் என்று எழுதியிருந்தாய். அம்மா அதை வாங்கிப் படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், அதே ரயில் பார்வை. இரண்டு வருடமாக உன்னிடமிருந்து ஒரு புகார்கூட வரவில்லை வெனிங், நாங்களும் அதைச் சொர்க்கம் என்று எண்ணிக் கைகூப்பிக்கொண்டிருந்துவிட்டோம். எங்களுக்காகப் பூசி எழுதாதே. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டால் எங்கள் முகத்தை நினைத்துப் போட்டுவிடாதே. எங்கள் மேலேயே குறை என்றாலும் எழுது, போ போ என்று உன்னை விமானம் ஏற்றியவன் நான்தான்.

தெம்பே வறுவலை மழைக்காலத்துக்கு என்று பதுக்காதே, நமத்துப்போகும். மழையில் நனையாதே, தொழுகையை விடாதே, அல்லா உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் தரட்டும். உன் பதில் வரும் வரை அம்மா காத்திருக்கவில்லை, உன் அறையிலிருந்த அரிசி மூட்டைகளை முழங்கால் வலியோடு தானே வெளியே இழுத்துப்போட்டு, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுவிட்டாள்.

உன் முதல் புகாரைப் பெற்றுக்கொள்ளக் காத்திருக்கும்
அப்பா,
சுகெங்