ஆறாவது கோபுரத்தில் நிறுத்திவைத்த ஆட்டம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீயோ இருபத்தாறு வருடமாக அஞ்சலகத்தில் தபால் பிரிப்பவள். "விசேஷம்னா கடிதமாப் போடு, மெசேஜ்ல வந்தா படிக்கவே மாட்டேன்" என்று மிரட்டி வைத்திருக்கிறாய். அதனால் பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விசேஷம் இதுதான். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுக்க என் வீடியோ கேம் கன்சோல்களை வைக்கப் போகிறார்கள்! "ஒரு விளையாட்டுக்காரரின் முப்பத்தைந்து வருடங்கள்" என்று தலைப்பு. பரணில் கிடந்ததெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை இருக்கும், அதில் நான் நாலு வரி எழுத வேண்டும்.

எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் எனக்கு வருடம் நினைவு வராது, கன்சோல்தான் நினைவு வரும். கேம் பாய் என்றால் கல்லூரிப் பேருந்து. டெட்ரிஸ் கட்டைகளை அடுக்கிக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் எத்தனை நாள் திட்டு வாங்கியிருக்கிறேன்! செகா என்றால் வாடகை அறை, நாற்காலி வாங்கும் முன்பே வாங்கிய டிவி. முதல் பிளேஸ்டேஷன் கல்யாணமான வருடம். மெமரி கார்டு தொலையாமல் இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரியின் நகைப் பெட்டியில் வைத்தேன், ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. அப்பா போன பிறகு ஆறு மாதம், ஒரு விவசாய கேமில் பூசணிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். வேறு எதையும் தொடப் பிடிக்கவில்லை. இப்போது கையில் வைத்து ஆடும் சின்னக் கருவி, அதற்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது.

ஆனால் யார் கேட்டாலும் முதலிடம் நம் வீட்டுச் சாம்பல் நிறப் பெட்டிக்குத்தான், அதில் ஆடிய 'ஏழு கோபுரங்கள்' கேமுக்குத்தான். அந்த அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன், சரிதானா என்று பார்த்துச் சொல்:

"இந்த கேமில் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது, பெட்டியை அணைத்தால் முதலிலிருந்து ஏற வேண்டும். பதின்மூன்று வயதில் ஆறாவது கோபுரம்வரை ஏறியபோது எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுப் படுத்தேன். கன்ட்ரோலரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாத என் அக்கா பத்து நாள் அதற்குக் காவல் இருந்தாள். எழுந்து வந்து ஏழாவதையும் முடித்தேன். நாட்டிலேயே முதலில் முடித்தவன் என்று பத்திரிகையில் என் படம் வந்தது. என் வேலையும் வாழ்க்கையும் அதிலிருந்து தொடங்கின."

எப்படி? உன்னையும் சேர்த்துவிட்டேன் பார். மார்ச் 20 திறப்பு விழா. நீ வராவிட்டால் நான் ரிப்பன் வெட்ட விடமாட்டேன்.

உன் செல்லத் தம்பி,
குண்டூசி
(இப்போது உருளை)


பிப்ரவரி 17

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கடிதம் என் மேசைக்கே வந்தது. உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கோழி கிளறிய மாதிரி இந்த வீதிப் பெயரை எழுத உன்னால்தான் முடியும். சந்தோஷத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அத்தான் பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டிலுள்ள எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டு முடித்துவிட்டு, இப்போது என்னைத் திருத்த ஆரம்பித்திருக்கிறார்.

நீ எழுதிய அட்டையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கோபப்படாமல் படி.

நீ படுத்த மூன்றாம் நாள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். தொண்டைக்கு இதமாக இருக்கட்டுமே என்று உனக்கு வெந்நீர் போட, மின்சாரக் கெட்டிலை, உன் கேம் பெட்டி செருகியிருந்த அதே சுவிட்ச் பலகையில் செருகினேன். டப்பென்று ஒரு சத்தம், ஃபியூஸ் போய்விட்டது. டிவியும் போனது, பெட்டியின் சிவப்பு விளக்கும் போனது. உள்ளே நீ "என்னக்கா சத்தம்?" என்றாய். "ஒண்ணுமில்ல, தூங்கு" என்றேன்.

ஃபியூஸைப் போட்டேன். ஆனால் உன் ஆட்டம் இல்லை, திரையில் முதல் கோபுரத்து வாசலில் ஆள் நின்றுகொண்டிருந்தான். பெட்டியின் மேல் நீ ஒட்டிய சீட்டு மட்டும் இருந்தது: "ஆறாவது கோபுரம். மூன்று உயிர். 41,250. தொட்டால் கொலை." அதைப் பார்த்தபடியே அழுதேன். பிறகு கன்ட்ரோலரை எடுத்தேன். நீ ஆடும்போது மாதக்கணக்கில் பின்னால் உட்கார்ந்து பார்த்தவள்தானே நான். அந்த ஆறு கோபுரங்களையும் மறுபடி ஏறி, அதே இடத்தில், அதே மூன்று உயிரோடு, அதே 41,250இல் கொண்டுபோய் நிறுத்தினேன். நீ எழுந்து வந்து தொடர்ந்தது என் ஆட்டத்தை.

இதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். படம் உன்னுடையது, அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு வரியை மட்டும் மாற்று. கன்ட்ரோலரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று எனக்குத் தெரியும்.

என்றும் அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அலுவலகத்தில் படித்திருக்கக் கூடாது. "யாராவது தவறிட்டாங்களா சார்?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

முப்பத்து நாலு வருடம் கழித்து, அறை திறக்க ஒரு மாதம் இருக்கும்போது, இதென்ன அக்கா? நீ ஆடியிருக்கலாம், ஏதோ ஒன்றிரண்டு கோபுரம் ஏறியும் இருக்கலாம். ஆனால் அந்த ஆறையும் ஏற எனக்கு நாலு மாதம் பிடித்தது. நீ ஒரு வாரத்தில் ஏறினாயா? உயிர்க் கணக்கும் ஸ்கோரும் இம்மி பிசகாமல்? நான் கேம்களை ஆடிச் சோதிப்பதையே தொழிலாகச் செய்பவன், யாரிடம் சொல்கிறாய்? பழைய ஞாபகத்துக்கு நாமே கண் மூக்கு வைத்துவிடுகிறோம், உன்னைக் குற்றம் சொல்லவில்லை.

அட்டைகள் அச்சுக்குப் போய்விட்டன. அது ஒரு விளையாட்டு வரி, உன்னைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லையா? இதைப் பெரிதாக்காதே.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

"யாரிடம் சொல்கிறாய்" என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி உட்கார்ந்துவிட்டேன். நீ என்னிடம் இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை.

சரி, தொழில்காரரே, விவரமாகவே கேட்டுக்கொள்ளும்.

ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை ஏறினேன். முதல் தடவை ஐந்து நாள் ஆயிற்று. காலையில் உனக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைப்பேன், டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு உட்காருவேன், நீ இருமினால் நிறுத்திவிட்டு ஓடிவருவேன். நீ எப்போதும் எதிரிகளை அடித்துக்கொண்டே ஏறுவாய். அதுதான் உன்னைத் தாமதப்படுத்தியது. நான் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். ஆறாவதில் நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லையடா. அங்கே வரை வந்துவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஏழாவது கும்மிருட்டு. மூன்றாவதில் பாலத்துக்கு அடியில் எடுத்த விளக்கு என் ஆளிடம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு ஏறி முடித்துவிட்டேன். கூரை திறந்து, திரை முழுக்க விடிந்தது. தனியாக, சத்தமே இல்லாமல் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். பதினாறு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வந்ததில்லை.

அதன் பிறகு பெட்டியை நானே அணைத்தேன். முதலிலிருந்து தொடங்கி, அதே வழியில், மூன்றே நாளில் ஆறாவதுக்கு வந்தேன். இரண்டு உயிரை வேண்டுமென்றே விட்டேன். 41,250 சரியாக வர, கடைசியில் எடுக்கக் கூடாத காசுகளைத் தாண்டித் தாண்டிக் குதித்தேன். உன் சீட்டை அதே இடத்தில் ஒட்டிவைத்தேன்.

பத்திரிகையைப் பார்த்துவிட்டு அந்தக் கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்தாரே, சனிக்கிழமைகளில் புது கேம்களை ஆடிப் பார்த்துத் தவறு சொல்ல ஆள் வேண்டுமென்று? "வீட்ல வேற யாராவது ஆடுவாங்களா?" என்று கேட்டார். "இவளா? இவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று அம்மா சிரித்தாள். நான் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் அந்த வேலை வேண்டும் போலிருந்தது. அப்படி இருந்தது, அவ்வளவு இருந்தது. ஆனால் சொன்னால் உன் முகம் வாடிப்போகும். நீ ஒன்றும் அறியாத பிள்ளை, உன் சந்தோஷத்தை நான் எப்படிப் பிடுங்குவேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஒரு நினைப்பில்தான் எனக்கு வருத்தமே வராமல் இருந்தது.

பொறாமைப்பட வேண்டுமென்றால் அன்றே பட்டிருப்பேன். ஒரு வரியை மாற்று. கேட்பது அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன்.

நீ முடித்துவிட்டாய் என்பது எனக்குத் தெரியாது. நாட்டிலேயே முதலில் முடித்தது, என் படுக்கைக்குப் பக்கத்து அறையில், நீ.

ஆனால் மற்றது எனக்குத் தெரியும், அக்கா. அன்றே தெரியும்.

விளக்கு என்னிடம் இல்லை. பாலத்துக்கு அடியில் ஒரு விளக்கு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது, நான் மேலோடு ஓடிப் போய்விட்டிருந்தேன். காய்ச்சல் விட்டு எழுந்து வந்து டிவியைப் போட்டேன். சீட்டில் எழுதிய எல்லாம் சரியாக இருந்தது. என் ஆள் கையில் மட்டும் விளக்கு இருந்தது. திகைத்துப் போய் நின்றேன். நீ சமையலறையில் எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாய். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சொல்லிவிடுவாய், அப்புறம் அது என் ஆட்டமாக இருக்காது. அதனால் கேட்கவில்லை. உட்கார்ந்து ஏழாவதை முடித்தேன். அந்த விளக்கு இல்லாமல் யாராலும் முடித்திருக்க முடியாது.

கம்பெனிக்காரர் வந்த அன்று அம்மா சிரித்தாளே, அப்போது அவர் என் பக்கம் திரும்பி "அப்படியா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். நீ கவனித்தாயோ என்னவோ.

அதற்குப் பிறகு அந்த கேமை நான் ஒரு தடவைகூட முடித்ததில்லை. உன் வழி எனக்கு இன்னும் தெரியாது. போன கடிதத்தில் உன்னைப் பொய்க்காரி ஆக்கியதும் இது வெளியே வந்துவிடுமே என்ற பயத்தில்தான்.

அட்டையை மாற்றச் சொல்லிவிட்டேன். ஒரு வரி அல்ல, முழுவதும். உன் படத்தோடு. விழாவில் நானே எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். நீ மட்டும் வா. வந்து திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய்.

மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியாத
உன் தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

இரண்டு நாளாக வேலையே ஓடவில்லை. வடக்கு வீதித் தபாலையெல்லாம் தெற்குப் பெட்டியில் போட்டுவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார்கள்.

உனக்குத் தெரியும்.

இதை எழுதிப் பார்த்தும் என்னால் நம்ப முடியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டதெல்லாம் உனக்குத் தெரியாது என்பதற்காகத்தானே. தெரியாத பிள்ளை என்று நினைத்துத்தானே, நீ ஒவ்வொரு புதுக் கன்சோல் வாங்கும்போதும் மனம் நிறைந்து வாழ்த்தினேன். உன் மேல் எனக்கு ஒரு துளிகூடக் கோபம் வராமல் இருந்ததை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். நீ தலையாட்டினாய் என்று இப்போது சொல்கிறாய். நான் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டையில் உனக்குத் தோன்றியதை எழுதிக்கொள். நான் அந்த ஒரு வரியைக் கேட்டது, அறியாமல் செய்த ஒருவனிடம். இப்போது அது எனக்குத் தேவைப்படவில்லை, உனக்குத்தான் தேவைப்படுகிறது. 20ஆம் தேதி நான் வரவில்லை. அத்தானையும் அனுப்பவில்லை. அவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏன் எனக்கு வெட்கம் என்றும் புரியவில்லை.

நேற்று வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடைக்குள் நுழைந்து கன்சோல் கேட்டேன். கடைக்காரர் "யாருக்கும்மா, பேரனுக்கா?" என்றார். "எனக்கு" என்றேன். அவர் விழித்த விழியைப் பார்க்க வேண்டும். வீட்டில் அத்தான் கம்பிகளைச் செருகிக் கொடுத்துவிட்டுக் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனார். கன்ட்ரோலரில் இப்போது ஏகப்பட்ட பொத்தான்கள், ஆனால் கை தானாகவே சரியாகப் பிடித்துக்கொண்டது.

ஆட்டம் தொடங்கும் முன்னால் திரை கேட்டது, ஒருவரா, இருவரா என்று.

ஒருவர் என்பதை அழுத்தினேன்.

அக்கா