நீ அடைத்துவிட்ட இரண்டு துளைகள்

மகளே,

நான் தைத்துக் கொடுத்த கூடாரத்தில் காற்று போக வைத்திருந்த இரண்டு துளைகளையும் நீ அடைத்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடைத்ததோடு நிற்காமல், ஏதோ சாதித்தவள் மாதிரி அதைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறாய். இது தப்பு. இதைச் சொன்ன பிறகுதான் நலம் விசாரிப்பது என்று உட்கார்ந்தேன், சொல்லியாயிற்று. நீயும் அந்த வெளிநாட்டில் உன்னோடு நடைப்பயணம் வந்திருக்கிற அந்தப் பெண்ணும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, குதிகால் கொப்புளம் ஆறியதா. இங்கே நானும் உன் அண்ணனும் உயிரோடும் வேலையோடும் இருக்கிறோம். பழைய மெஷினுக்கு அவன் மோட்டார் மாட்டியிருக்கிறான், அது ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓட மாட்டேன் என்கிறது. முழங்கால் மட்டும் படியேறும்போது என்னைத் திட்டுகிறது.

நேற்றுக் காலை லோடை மூடுகிற ஒரு லாரிப் படுதாவுக்குக் கயிறு கோர்க்கிற வளையம் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தையல் மேடையில் போனை வைத்து உன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். நீங்கள் இரண்டு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறீர்கள். நடுவில் அந்தக் குட்டி கேஸ் அடுப்பு எரிகிறது, அதன்மேல் நூடுல்ஸ் கொதிக்கிறது. உன் தலைக்கு மேலே, நான் தொப்பி மாதிரி மடித்துத் தைத்த துளையின்மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப். கால்மாட்டில் வலை வைத்த துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் பையைத் திணித்திருக்கிறாய். கீழே எழுதியிருந்தாய், அம்மா, நீ வச்ச ஓட்டையில சாரல் அடிச்சுது, அடைச்சிட்டோம், இப்போ ஒரு சொட்டு இறங்கல, உள்ள கதகதன்னு இருக்கு, மழை நிக்கிற வரைக்கும் சமையல் தூக்கம் எல்லாம் உள்ளதான்னு. உன் அண்ணன் சிரித்தான். பரவாயில்லையே, நீ பெத்தது உன் தையலையே திருத்துதேன்னு சொன்னான். கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன்.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. அந்த ஊர் விடுதியில் ஒரு கட்டிலுக்குக் கேட்கிற காசில் நீ இரண்டு நாள் சாப்பிடலாம் என்றாய், சரி. லீவு பதினாலு நாள்தான், மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் அந்த நாட்டில் கிழவியாகிவிடுவேன் என்றாய், அதுவும் சரி. கடைக் கூடாரம் கட்டுப்படியாகாது என்றதால்தானே குடைத் துணி வாங்கி, மடிப்புக்கு மடிப்பு இரட்டைத் தையல் போட்டு, ஊசித் துளைக்கெல்லாம் மெழுகு தேய்த்து அனுப்பினேன். போன வாரம் நீ புகார் சொன்னாயே, காலையில் எழுந்தால் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது, தூக்கப் பை நனைகிறது, எங்கேயோ ஒழுகுகிறது என்று. ஒழுகவில்லை. என் தையல் ஒழுகாது. அது உங்கள் இருவரின் மூச்சு. துளையை அடைத்த பிறகு அந்த ஈரம் இன்னும் கூடியிருக்கும், கூடியதா இல்லையா என்று உன் மனசாட்சியைக் கேள். கூடாரத்தை அனுப்பும்போதே சொன்னேன், இந்த ரெண்டு துளையையும் தொடாதே என்று. ஏம்மான்னு கேட்டாய். ஈர சாக்ஸ் நாத்தம் வெளியே போக என்று சொல்லிவிட்டேன். அது பொய். அந்தப் பொய்க்கு நான்தான் பொறுப்பு.

போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. வந்தாலும் நீ பாதியில் வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா. மழையில் ஓரமாக நிற்கிற லாரியில் எல்லாம் உன் அம்மா படுதாவைத் தூக்கி எட்டிப் பார்க்கிறாள், திருடியாம், என்று உன்னோடு படிக்கிறவர்கள் சொன்னார்கள் என்றாய். நீ அதற்கப்புறம் ஒரு வருஷம் என்னோடு தெருவில் நடந்து வரவில்லை. முக்கு டீக்கடைக்காரர் இன்றைக்கும் கேட்கிறார், என்னக்கா, இன்னிக்கு எந்த லோடுன்னு. போன மாதம் ஒரு டிரைவர், யம்மா, உள்ள மூட்டைதான் இருக்கு, மாப்பிள்ளை எவனும் இல்லைன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். நான் மூட்டையைப் பார்க்கவில்லை. உள்ளே ஆள் படுத்திருக்கிறானா, பக்கத்தில் நெருப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

உங்கள் அப்பா மாரடைப்பில் போகவில்லை. உனக்கு அப்போது நாலு வயது, அண்ணனுக்கு ஒன்பது. இருவருக்கும் நான் சொன்னது அதுதான், சொந்தக்காரர்களுக்கும் அதுதான். அவர் ஓட்டிய லாரிக்குப் படுதா தைத்தது நான். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கிழிந்த படுதா ஒன்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து நானாகக் கற்றேன். முதல் முதலாகச் சொந்தமாக வெட்டித் தைத்தது அது. ஒரு சொட்டு இறங்காது, என் பொண்டாட்டி தைச்சதுன்னு அவர் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு தடவை என்னிடம் கேட்டார், மழைன்னா கேபின் ஒழுகுது, பின்னாடி மூட்டை மேலதான் படுக்குறேன், மூச்சு முட்டுது, ஒரு மூலையில ஓட்டை மாதிரி ஏதாவது வையேன்னு. ஓட்டை வேணும்னா கடையில சல்லடை வாங்கிக்கங்க, என்கிட்ட எதுக்கு வர்றீங்கன்னு கேட்டேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஓட்டை வைக்கவில்லை.

மூன்று நாள் விடாத மழை. ஆலை வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. அவர் வண்டியில் பாதி லோடு வழியிலேயே இறக்கியிருந்தது. மீதி இடத்தில் ஒரு பெயின்ட் டப்பாவில் கரி மூட்டி டீ போட்டுக் குடித்துவிட்டு, படுதாவை உள்ளிருந்து இழுத்துக் கட்டிப் படுத்திருக்கிறார். காலையில் வரிசை நகர்ந்தது, இவர் வண்டி நகரவில்லை. எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போன பிறகுதான் படுதாவை முழுக்க விலக்கினார்கள். உள்பக்கம் பூராவும் முத்து முத்தாகத் தண்ணீர். மகளே, கேட்டுக்கொள், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் முகத்தை நான் முதலில் பார்க்கவில்லை. ஐயோ, என் தையல் ஒழுகிவிட்டதே, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். விரலை வைத்துத் தையல் நெடுக, எங்கே ஒழுகியது என்று தடவிக்கொண்டே போனேன். அவர் கீழே கிடக்கிறார், நான் தையலைத் தடவுகிறேன். எங்கேயும் ஒழுகவில்லை. அது அவர் விட்ட மூச்சு, கொதித்த டீயின் ஆவி. ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கரிப்புகைம்மா, அந்த விஷத்துக்கு வாசம் கிடையாது, தூக்கம் மாதிரிதான் வரும், காத்து போக வழி இருந்திருந்தா பிழைச்சிருப்பார்னார். இன்றைக்கும் குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தால் என் விரல் தானாகப் போகிறது, தையலைத் தேடி. நேற்று உன் படத்திலும் போனது. உன் தலைக்கு மேலே அந்தத் துணி மின்னியது, பெரிதாக்கிப் பார்த்தேன், முத்து முத்தாகத் தண்ணீர்.

எனக்குச் சமாதானம் சொல்லி ஒரு வரி எழுதாதே. உன் தப்பு இல்லம்மா என்று எழுதினால் படிக்கவே மாட்டேன், தப்பு எதுவென்று எனக்குத் தெரியும். அவர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, கரியை மூட்டியது நான் இல்லை. அந்தக் கணக்கை நானும் அவரும் பார்த்துக்கொள்கிறோம். கரி வேறு, கேஸ் வேறு என்று நீயும் சட்டம் பேசாதே. அடைத்த இடத்தில் எந்த நெருப்பும் ஒன்றுதான். சாரல் அடித்தது என்றாயே, அதை ஒத்துக்கொள்கிறேன். இங்கே மழை நேராக விழும், அங்கே காற்று அதைப் படுக்கவைத்து அடிக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. தொப்பியின் விளிம்பு இன்னும் ஒரு சாண் நீண்டிருக்க வேண்டும். அது என் குறை, அதைச் சரிசெய்வதும் என் வேலை. நனைந்தால் நனை. நனைந்தவள் காய்ந்துவிடுவாள்.

நீயும் அந்தப் பெண்ணும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் மேட்டு நிலமும் நல்ல மனிதர்களும் கிடைக்கட்டும். மாலையில் ஒரு தரம் கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டு, நைலான் துணி நனைந்தால் தளரும். மறந்துவிடாதே. இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீ, இதைப் படித்து முடித்த கையோடு டேப்பை உரி, பையை உருவு, உரித்ததைப் படம் எடுத்து அனுப்பு. அந்தப் பெண், அடுப்பைத் தன் பையில் வைத்துக்கொள்ளட்டும், நீ கெஞ்சினாலும் உள்ளே பற்றவைக்கக் கொடுக்கக் கூடாது, மழை விடவில்லை என்றால் இரண்டு பேரும் வெறும் ரொட்டியைத் தின்னுங்கள். சார்ஜ் மிச்சம் என்று நீ போனை அணைத்து வைத்திருப்பதால், சார்ஜ் போடவும் குளிக்கவும் நாளை நீங்கள் போய்ச் சேருகிற விடுதிக்கு அண்ணன் போன் போட வேண்டும், நீ உள்ளே நுழைந்ததும் போனைத் திறக்கச் சொல்லி விடுதிக்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும். தொப்பிக்கு நீட்டு விளிம்பு தைத்து, உங்கள் வழியில் பின்னால் வரும் ஊருக்கு அனுப்புவது நான். காகிதம் உன்னிடம் வந்து சேர நாளாகும், அதனால் இந்தப் பக்கங்களை அண்ணன் படம் எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும். எடுக்கும்போது அவன் படிப்பான். அவன் படித்து முடிக்கும்வரை எழுந்து போகாமல் அவன் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியது நான்.

இதை எழுதியது,
உன் அம்மா